கத்தி சேர்ப்பவரின் கையும் பையும்

கத்தி சேர்க்கத் தொடங்கும் எவருக்கும் மனதில் ஒரு வரம்பு இருக்கும். ஒரு மடக்குக்கத்திக்கு 30 டாலருக்கு மேல் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று அடித்துச் சொல்வார். அந்த 30 கொஞ்ச காலத்தில் 100 ஆகும், பிறகு 200 ஆகும். 500-ஐத் தொட்ட பிறகுதான் பெரும்பாலோருக்குக் கணக்கு மாறுகிறது. ஒரு கத்திக்குக் கொடுக்கத் துணியும் தொகை ஏறிக்கொண்டே போகும். ஆண்டு முழுக்கச் செலவாகும் தொகை இறங்கும். இவை இரண்டும் வெவ்வேறு எண்கள். முதல் எண்ணை மட்டும் பார்த்து இரண்டாவதை மறப்பவர்களின் பணம்தான் இதில் அதிகம் கரைகிறது.

ஆண்டுக்கு 600 டாலர் ஒதுக்குகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 25 டாலர் கத்தி என்றால் 24 வாங்கலாம். 100 டாலர் கத்தி என்றால் ஆறு. 500 டாலரில் ஒன்று வாங்கினால் மிச்சத்துக்கு நல்ல சாணைக்கல் கிடைக்கும். மூன்றும் ஒரே செலவுதான். ஆனால் 24 வாங்கியவர் தன்னைச் சிக்கனக்காரர் என்றும், ஒன்று வாங்கியவரை ஊதாரி என்றும் நினைப்பார். (இங்கே தரும் விலைகள் அமெரிக்கக் கடை விலைகள், அதுவும் தோராயம். இந்தியாவுக்கு வரவழைத்தால் அனுப்புக் கூலியும் சுங்க வரியும் மேலே ஏறும்.)

ஆனாலும் அந்த 24 கத்திக் காலத்தைத் தாண்டிக் குதித்துவிடச் சொல்ல மாட்டோம். மலிவான கத்திகள் சொல்லித் தருவதை விலையுயர்ந்தவை சொல்லித் தருவதில்லை. ஸ்வீடனின் மோரா, பிரான்சின் ஓப்பினெல், ஜப்பானின் ஹிகோனோகாமி, ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் ஆகிய நான்கையும் சேர்த்து வாங்கினாலும் 100 டாலரை ஒட்டித்தான் வரும். நான்கு ஊர்கள் நான்கு விதமாக யோசித்ததைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

ஓப்பினெல் 1890-இல் சவாய் பகுதியில் பிறந்தது. பீச் மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. 1955-இல் அலகைப் பூட்டும் சுழல்வளையம் சேர்ந்தது. 8-ஆம் எண் ஓப்பினெலின் அலகு 8.5 செ.மீ. அதன் குறை மரத்தில் இருக்கிறது. ஈரக்காற்றில் பிடி உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது. அதற்குச் சவாய்க்காரர்களின் வழி, பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவது. அலகின் முனை வெளியே எட்டிப் பார்க்கும். நம் கடலோர ஊர்களில் தினமும் தட்டிக்கொண்டிருக்க முடியாது. பிடியை நன்றாகக் காயவிட்டு, அட்டையில் சுற்றிய 220 நம்பர் உப்புத்தாளால் அலகு இறங்கும் பள்ளத்தின் இருபக்கச் சுவரையும் லேசாக இழைத்து, பிறகு மெழுகு ஏற்றினால் தொல்லை வெகுவாகக் குறையும். இழைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, ஒவ்வொரு முறையும் மூடித் திறந்து பார்க்க வேண்டும். அதிகமாக இழைத்தால் அலகு ஆடத் தொடங்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

விக்டோரினாக்ஸ் வேறு பாடம் சொல்கிறது. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் அதன் எஃகு 56 சுமார். பின்னால் எஃகு மோகம் பிடிக்கும்போது இந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் துருவுக்கு அது எளிதில் இடம் கொடுக்காது, சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடத்தில் கூர் ஏறும், அலகும் மெல்லியது. கார்ல் எல்செனர் 1884-இல் தொடங்கிய பட்டறை, 1897-இல் உரிமை பெற்ற அதிகாரிகள் கத்தி என்ற வரலாறெல்லாம் இருந்தும் 91 மி.மீ. ஸ்பார்ட்டன் இன்னமும் ஓர் உணவகச் சாப்பாட்டுச் செலவில் கிடைக்கிறது. சேகரிப்பாளர்கள் பலர் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் சட்டைப்பைக்குத் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

இந்தக் கட்டத்தில் காசு கசியும் இடம் தொகுப்பு ஆசை. ஒரே கத்தி ஏழு நிறத்தில் வரும். ஆண்டுக்கொரு நிறத்தில் அலுமினியப் பிடி வரும். ஒரு வரிசையில் ஒன்று விடுபட்டாலும் உறுத்தும். புதிதாக ஒன்று வாங்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி இது: ஏற்கெனவே இருப்பதிலிருந்து இது அலகின் வடிவத்திலோ, பூட்டிலோ, எஃகிலோ, பிடியின் பொருளிலோ வேறுபடுகிறதா? நிறம் மட்டும்தான் வேறு என்றால் கற்றுக்கொள்ள அதில் புதிதாக எதுவும் இல்லை.

எஃகு மோகம்

அடுத்து வருவது எஃகு. ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். கத்தியின் பெயரை விட அலகில் பொறித்த எஃகின் பெயர் பெரிதாகத் தெரியும் காலம் இது. வரம்பு 30-லிருந்து 150, 200 என்று தாவுவதும் இதனால்தான்.

சில எண்களைத் தெரிந்துகொண்டால் விளம்பரத்தின் வேகம் குறையும். 1095 என்பது 0.95 சதவீதம் கார்பன் கொண்ட எளிய எஃகு. குரோமியம் கிட்டத்தட்ட இல்லாததால் துருப்பிடிக்கும், ஆனால் கல்லில் வெண்ணெயாகத் தீட்டலாம். டி2-வில் கார்பன் 1.5, குரோமியம் 12 சதவீதம். துருப்பிடிக்காத எஃகு என்ற வரையறைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, மழைக்காலத்தில் புள்ளி போடும். அமெரிக்கக் குருசிபிள் நிறுவனம் 2001-இல் கத்திக்கென்றே கொண்டுவந்த எஸ்30வி-யில் 4 சதவீதம் வனேடியம். ஆஸ்திரிய எம்390-இல் குரோமியம் 20, வனேடியம் 4. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வெளிவந்த மேக்னாகட், குரோமியத்தைச் சுமார் 10.7 சதவீதமாகக் குறைத்தும் துருவை நன்றாகத் தாங்குகிறது. எஃகுக்குள் இருக்கும் குரோமியம் கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகளாக முடங்கிவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் அதன் சூட்சுமம். பட்டியலில் குரோமியம் எத்தனை என்பதை விட, கரைந்து நிற்கும் குரோமியம் எத்தனை என்பதே துருவைத் தீர்மானிக்கிறது.

வனேடியம் கார்பைடு, சாதாரணச் சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடை விடக் கடினமானது. 20 டாலர் கல்லில் எஸ்30வி-யைத் தேய்த்தால் கல் தேயும், எஃகு பளபளக்கும், கூர் எளிதில் வராது. "இவ்வளவு விலை கொடுத்தும் வெட்டவில்லை" என்ற புலம்பலில் பாதி இங்கிருந்து வருவது. வைரத்தூள் பதித்த தகடுகள் 400, 1000 நம்பரில் ஒவ்வொன்று, ஒரு மைக்ரான் வைரப் பசை தடவிய தோல்பட்டை ஒன்று, இவை போதும். 60 முதல் 100 டாலருக்குள் முடியும். 150 டாலர் கத்திக்கு வரம்பை உயர்த்தும் முன் இந்தச் செலவை முடித்துவிட வேண்டும். கல் இல்லாமல் உயர்ந்த எஃகை வாங்குவது வீண்.

தீட்டுவதில் இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் தவறுகிறது. முதலாவது கோணம். அலகின் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, ஒட்டிய சரிவு முழுக்க மார்க்கர் மை பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை சரிவின் மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் அலகைப் படுக்கையாகப் பிடித்திருக்கிறீர்கள். வாயோரம் மட்டும் போயிருந்தால் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். சரிவு முழுக்கப் போகும்வரை கோணத்தைத் திருத்த வேண்டும். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை என்பது மடக்குக்கத்திக்குப் பொதுவான அளவு. இரண்டாவது பிசிர். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் வாய் நெடுக ஒரு மெல்லிய பிசிர் எழும். விரல்நுனியை வாயிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளித் தடவினால் உறுத்தும். அது முழு நீளமும் எழாமல் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது. இரண்டு பக்கமும் எழுந்த பிறகு அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு ஓர் இழுப்பாக மாற்றி மாற்றி இழுத்துப் பிசிரை நீக்கி, கடைசியில் தோலில் முடிக்க வேண்டும். பிசிரை அப்படியே விட்டால் முதல் நாள் சவரம் செய்யும், இரண்டாம் நாள் தக்காளித் தோலில் வழுக்கும். எஃகின் மேல் பழி விழும். விளக்கு வெளிச்சத்தில் வாயை மேல்நோக்கிப் பிடித்தால் மழுங்கிய இடமும் பிசிர் இருக்கும் இடமும் மினுங்கும். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது.

இதெல்லாம் பழகியவருக்கு எஃகு மோகம் தானாகத் தெளியும். வெட்டுவதைத் தீர்மானிப்பதில் வாய்க்குச் சற்று மேலே உள்ள தடிமன் எஃகின் பெயரை முந்திவிடுகிறது. சரிவு தொடங்கும் இடத்தில் டிஜிட்டல் காலிபரை வைத்து அளக்கலாம். அங்கே 0.3 மி.மீ. இருந்தால் கத்தி அட்டைப்பெட்டியில் இறங்கிக்கொண்டே போகும். 0.7 இருந்தால் என்ன எஃகானாலும் ஆப்பு மாதிரி முட்டும், கேரட்டை வெட்டாமல் பிளக்கும். வாய்க்கோணத்தைப் பக்கத்துக்கு 20-லிருந்து 15 பாகைக்குக் குறைத்தால் கூர் நிற்கும் காலம் கூடுகிறது; எஃகை மாற்றிக் கிடைக்கும் லாபத்தில் கணிசமான பகுதி இங்கேயே கிடைத்துவிடும். கூடவே பதம். எஃகைச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்துவதில் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் உண்டு. எளிய 420ஹெச்சி எஃகை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் பக் நிறுவனம் 110 மாடலைப் பல ஆண்டுகளாக ஓட்டுவது நல்ல பதத்தால்தான். 1964-இல் வந்த கத்தி, இன்னமும் 100 டாலருக்குள் கிடைக்கிறது.

200-க்கும் 500-க்கும் நடுவே

200 டாலர் அளவில், கத்தி என்ற கருவி ஏறக்குறைய முழுமை அடைந்துவிடுகிறது. ஸ்பைடர்கோ நிறுவனத்தின் பாராமிலிட்டரி 2 என்ற மடக்குக்கத்தி அந்த இடத்தில் நிற்கிறது: மெல்லிய வாய், உறுதியான பூட்டு, நல்ல எஃகு. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் வெட்டும் வேலைக்காக அல்ல. இதை ஒப்புக்கொண்டு வாங்குபவர் நிம்மதியாக இருப்பார். "இரண்டரை மடங்கு விலை, இரண்டரை மடங்கு நன்றாக வெட்டும்" என்று எதிர்பார்த்து வாங்குபவர் இரண்டு மாதத்தில் விற்றுவிடுவார்.

பிறகு எதற்குக் கொடுக்கிறோம்? கிறிஸ் ரீவின் செபென்சா என்ற மடக்குக்கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ரீவ் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர். டைட்டேனியப் பிடியின் ஒரு பகுதியே வளைந்து அலகைத் தாங்கும் பூட்டை உலகம் முழுக்கப் பரப்பியது அவருடைய கத்திதான். பெரிய அளவுச் செபென்சாவில் அச்சாணியைச் சுற்றி புஷ் என்ற உருளை வளையம் இருக்கிறது. திருகை இறுக முடுக்கினாலும் அலகு இலகுவாகச் சுழலும், ஆட்டமும் இருக்காது. இதற்குத் தேவையான துல்லியம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு சுமார். அந்தத் துல்லியத்துக்குத்தான் 500 டாலரை ஒட்டிய விலை. பெட்டியிலேயே திருகுச் சாவிகளைப் போட்டு, பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். பிரித்தால் உத்தரவாதம் போச்சு என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு, ஆகவே திருகைத் தொடும் முன் படித்துப் பார்க்க வேண்டும்.

திருகு பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான நவீன மடக்குக்கத்திகளில் டார்க்ஸ் எனப்படும் நட்சத்திரக் குழித் திருகுகள் டி6, டி8, டி10 அளவுகளில் வரும். மலிவான திருப்புளி முனைகள் மென்மையானவை, தலையைச் சிதைத்துவிடும். திருகு அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், சூடான சால்டரிங் முனையைத் திருகுத் தலையில் அரை நிமிடம் வைத்தால் உள்ளே இருக்கும் திருகுப் பசை இளகும். திரும்பப் பூட்டும்போது நீலத் திருகுப் பசையைத் திருகின் மரையில் ஊசிமுனை அளவு வைத்தால் போதும். அதிகமானால் வழிந்து வாஷரில் ஒட்டி, கத்தி கல்லாகிவிடும்.

இந்த விலையில் பழைய கத்தி வாங்குகிறீர்கள் என்றால் பார்க்க வேண்டியவை: மூடியபோது அலகு நடுவில் நிற்கிறதா, திறந்து பூட்டியபின் பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆட்டம் உண்டா, பூட்டுத்தகடு அலகின் அடியில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. அடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் இருந்தால் நல்லது. எதிர்ப்பக்கச் சுவரை எட்டிவிட்டால் தேய்ந்துபோனது. பூட்டைச் சோதிக்க அலகின் முதுகை மேசையில் ஓங்கி அடிப்பவர்கள் உண்டு. நல்ல பூட்டையும் அது கெடுக்கும், வழுக்கினால் விரல் போகும். முதுகைக் கட்டைவிரலால் நிதானமாக அழுத்திப் பார்ப்பது போதுமானது, விரல்கள் அலகின் பாதையில் இல்லாமல்.

இங்கே இன்னொரு விஷயம் குறுக்கே வரும். 500 டாலர் கத்தியை எடுத்துப் பார்சல் நாடாவை அறுக்க மனம் வராது. அது பெட்டியில் இருக்கும், வேலைக்கு 40 டாலர் கத்தி போகும். ஒருவர் தன் உண்மையான வரம்பை அறியும் வழி இதுதான் என்று நினைக்கிறோம். எந்த விலைக்கு மேல் கத்தியைப் பயன்படுத்தக் கை கூசுகிறதோ, அதுவரை கருவி. அதற்கு மேல் காட்சிப்பொருள். இரண்டுக்கும் தனித்தனிப் பணப்பை வைத்துக்கொண்டால் தர்க்கம் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

அரிதும் பழையதும்

அடுத்து ரசனை பின்னோக்கித் திரும்பும். டைட்டேனியம் அலுத்து, எலும்பும் பித்தளையும் கவரும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டில் கேஸ் நிறுவனம், டைட்டஸ்வில்லில் 2006-இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம், ஜெர்மனியில் சோலிங்கன் நகரம், இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரம். பூட்டில்லாத, முதுகு ஸ்பிரிங்கின் இழுவையிலேயே நிற்கும் கத்திகள் இவை.

கிரேட் ஈஸ்டர்ன் ஒரு வடிவத்தைச் சிறு எண்ணிக்கையில் செய்து, இயந்திரத்தை அடுத்த வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. கடையில் வந்த வேகத்தில் தீரும். மறுவிற்பனையில் விலை குதிக்கும். வரம்பை அதிகம் உடைப்பது இந்தப் பற்றாக்குறைதான். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஏல தளங்களில் முடிந்த விற்பனைகளை மட்டும் வடிகட்டி, ஐந்தாறு விலைகளைக் குறித்துக்கொண்டு, அவற்றின் நடுவில் இருப்பதைச் சந்தை விலையாகக் கொள்ளுங்கள். அதே வடிவம் வேறு பிடியில் மறுபடி வரும் வாய்ப்பும் நிறைய.

கேஸ் கத்திகளில் ஆண்டைப் படிப்பது எளிது, அதனாலேயே புதியவர்கள் அங்கே தொடங்குகிறார்கள். அலகின் அடியில் உள்ள முத்திரையில் 1970-இல் பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து 1979-இல் ஒன்று. 1980-இல் எஸ் எழுத்து மின்னல் வடிவுக்கு மாறி, மீண்டும் பத்து. மாடல் எண்ணும் பேசும்: 6254 என்றால் 6 எலும்புப்பிடி, 2 அலகுகள், 54 டிராப்பர் வடிவம். 5-இல் தொடங்கினால் மான்கொம்பு. பக் நிறுவனமும் 1986 முதல் ஆண்டுக்கொரு குறியீட்டைப் பொறிக்கிறது.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் நிலையைக் குறிக்கப் பயன்படுத்தும் சொற்களுக்கு அளவு உண்டு. "எக்ஸலண்ட்" என்றால் அலகின் தேய்மானம் 10 சதவீதத்துக்குள், "வெரி குட்" 25 சுமார், "ஃபேர்" பாதி. விற்பவர் சொல்லை நம்பாமல் அதே வடிவத்தின் முழு அலகுப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கிரைண்டரில் மெருகேற்றிய கத்தி படத்தில் பளிச்சென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் முத்திரை எழுத்துகளின் ஓரம் கரைந்திருக்கும், சரிவுக் கோடுகள் மழுங்கியிருக்கும், பூணுக்கும் பிடிக்கும் நடுவே மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். மெருகேற்றினால் விலை பாதியாகும், சில நேரம் அதற்கும் கீழே. துருப்புள்ளியோடு வந்த பழைய கத்தியை அப்படியே விட்டு, எண்ணெய் தடவிய 0000 எஃகுப் பஞ்சால் செம்பழுப்புத் துருவை மட்டும் எடுப்பதே முறை. சாம்பல் நிறப் படலம் இருக்கட்டும்.

முதுகையும் பார்க்க வேண்டும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங் உள்தகடுகளோடு சமமாக நிற்பது நல்ல வேலைப்பாட்டின் அடையாளம். டக்கென்ற சத்தத்தோடு மூடினாலும் வாய் ஸ்பிரிங்கில் இடித்துப் பல் விழாமல் இருக்க வேண்டும். பிடித்தகட்டில் ஆணியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். நான்கைந்து உடைந்த கத்திகளைப் பிரித்து ஒன்றாகக் கூட்டிய கத்திகளும் சந்தையில் உண்டு. ஆணிகளின் தலை புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பெயர் பொறித்திருப்பதாலேயே ஊர் உறுதியாகிவிடாது. சோலிங்கன் என்ற பெயருக்கு ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. லாகியோல் என்ற பிரெஞ்சு ஊர்ப்பெயரோ வெகுகாலம் யாரும் போடக்கூடியதாக இருந்தது, 10 டாலருக்கும் லாகியோல் உண்டு, 300-க்கும் உண்டு. "டமாஸ்கஸ்" என்றும் நிறைய வரும். இன்று அப்பெயரில் விற்பவை பெரும்பாலும் இருவகை எஃகை அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் வரியெடுத்தவை. பழைய டமாஸ்கஸ் வாளின் வரி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிய எஃகிலிருந்து வந்தது. ஈரோடு மாவட்டக் கொடுமணலில் அந்த உருக்குத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. எந்த இரண்டு எஃகு என்று எழுதாத டமாஸ்கஸ் கத்தியை அழகுக்கு மட்டும் வாங்கலாம்.

பிடியில் மான்கொம்பு இருந்தால் இந்தியாவில் இருப்பவர் நின்று யோசிக்க வேண்டும். உலகக் கத்திக்காரர்கள் அதிகம் விரும்பியது நம் கடமானின், அதாவது மிளாவின், கொம்பு. 1998-இல் இந்தியா ஏற்றுமதியைத் தடுத்ததும் அதன் விலை எகிறியது. உதிர்ந்த கொம்பானாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வாங்குவதும் விற்பதும் சிக்கல். யானைத்தந்தப் பிடியைச் சொல்லவே வேண்டாம். மைக்கார்ட்டா என்ற செயற்கைப் பொருளோ மாட்டெலும்போ வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

சொல்லிச் செய்வது

சிலர் இங்கிருந்து தனிக் கொல்லர்களிடம் போவார்கள். வரம்பு இங்கே 400-இல் தொடங்கி ஆயிரங்களில் முடியும். யாரிடம் செய்வது என்று தெரியாதவருக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 1976-இல் நிறுவப்பட்ட அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வில், கொல்லர் தான் அடித்த கத்தியால் தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வெட்டில் அறுக்க வேண்டும். கட்டடச் சட்டமரம் ஒன்றை முழுக்க வெட்டித் துண்டாக்குவதை இரண்டு முறை செய்ய வேண்டும். அதன் பிறகும் அதே வாய் மயிரை மழிக்க வேண்டும். கடைசியாக அலகை 90 பாகை வளைத்தாலும் ஒடியக் கூடாது. பிறகு ஐந்து கத்திகளை நடுவர்கள் முன் வைக்க வேண்டும். தேறியவர் "ஜேஎஸ்" என்ற குறியைப் பொறிப்பார். மேல்நிலைத் தேர்வில், 300 அடுக்குக்குக் குறையாத டமாஸ்கஸ் அலகோடு தேறியவர் "எம்எஸ்" என்று பொறிப்பார்.

ஆர்டர் கொடுக்கும்போது அலகின் நீளம், முதுகின் தடிமன், வாய்க்கு மேலான தடிமன், எஃகு, கடினம், பிடிப்பொருள், உறை, மொத்த எடை எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். "நல்ல வேலைக்கத்தி" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் 5 மி.மீ. முதுகோடு ஒரு கடப்பாரைதான் வரும். உள்ளங்கையின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து அனுப்புவதும் உதவும். முன்பணம் கேட்டால் சிறு பங்கோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. முழுப்பணமும் முன்பே வாங்கும் இடத்தில், காத்திருப்பு நீள நீளக் கேட்கும் உரிமை குறையும்.

வைப்பதும் விற்பதும்

எண்ணிக்கை கூடியதும் பராமரிப்பே ஒரு செலவு. தோலுறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோலில் மிஞ்சிய உப்பும் ஈரமும் அலகில் குழி போடும், பித்தளைப் பூணில் பச்சை களிம்பு ஏறும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும், தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். மினரல் ஆயிலோ ரெனைசான்ஸ் என்ற பாதுகாப்பு மெழுகோ மெல்லிய பூச்சாகப் போதும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் சூடேற்றித் திரும்ப வையுங்கள். பழைய செல்லுலாய்டு பிடிக் கத்திகளை மட்டும் மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. அந்தப் பொருள் சிதையும்போது அமில ஆவி விடும், பக்கத்திலுள்ள அலகுகளெல்லாம் துருப்பிடிக்கும். கற்பூர வாடை, பிடியில் கொப்புளம், ஆணியைச் சுற்றிப் பச்சை ஆகியவை அறிகுறிகள். எளிதில் தீப்பற்றவும் செய்யும். காற்றோட்டமான தனியிடத்தில் வைக்க வேண்டும்.

விற்பதற்குத் தயக்கம் வேண்டாம். ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பன்னிரண்டு மாதத்தில் கையில் எடுக்காததைத் தனியே ஒதுக்குங்கள். சாதாரண உற்பத்திக் கத்தி, பெட்டியைத் திறந்ததுமே விலையில் நாலில் ஒரு பங்கை இழக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. தீட்டியிருந்தால், திருகு கழற்றியிருந்தால் இன்னும் இறங்கும்; அதை விளம்பரத்தில் சொல்லிவிடுவதே நல்லது. முத்திரை, இரு பக்கம், மூடிய நிலையில் நடுவமைவு, வாய் என ஐந்து படங்கள் தேவை. விற்ற பணம் மட்டுமே அடுத்த கத்திக்கு என்று வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 500-ஐத் தாண்டிய பிறகு ஆண்டுச் செலவு இறங்குவது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டினால்தான்.

வாங்கும் முன் சட்டம். இந்திய ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை, வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் உபயோகத்துக்கானவை நீங்கலாக, ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. லண்டனில் இருப்பவர் காரணமின்றிப் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத வாயுள்ள, பூட்டில்லாத மடக்குக்கத்தி மட்டும். டொரன்டோவில் இருப்பவர் மணிக்கட்டை உதறினால் திறக்கும் கத்தியை வரவழைத்தால் சுங்கத்திலேயே போய்விடும், பணமும் திரும்பாது.

கடைசியாகப் பதிவேடு. கத்தியின் பெயர், எண், வாங்கிய நாள், கொடுத்த மொத்த விலை, இன்று விற்றால் கிடைக்கும் விலை, முத்திரையின் படம் ஆகியவை ஒரு வரிசையில். மொத்த விலையில் அனுப்புக் கூலியும் வரியும் சேர வேண்டும், அதை விட்டால் கணக்கு பொய். அச்செடுத்த பிரதி ஒன்று கத்திப் பெட்டியிலேயே இருக்கட்டும். வீட்டில் மற்றவர்களுக்கு 25 டாலர் கத்தியும் 900 டாலர் கத்தியும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது செல்லுலாய்டு, எது மான்கொம்பு, எதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வைக்கலாம்.